பறம்பும் குரம்பையும்: குறிஞ்சி மனையின் தன்னிறைவு பற்றிய ஓர் ஆய்வு

குறிஞ்சித் திணைச் செய்யுட்களையும் குன்றவாணர் வாழ்வைக் கூறும் புறப்பாட்டுக்களையும் ஆராய்ந்த அறிஞர் பலர், மலைவாழ் மனையைப் பிறிதொன்றன் சார்பு வேண்டாத மனையாகவே கண்டனர். புல்லால் வேய்ந்த குரம்பை, முன்றிலில் பலா, அயலில் அருவி, சரிவில் தினைப்புனம், முகட்டில் தேனடை ஆகியவை அமைந்த பின்னர் அங்கு வாழ்வார்க்குக் குறை யாது என்பது அவர் கருத்து. இக்கருத்துக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுவாழ்வு வந்துளது. மின்கம்பியின் தொடர்பின்றிக் கதிரொளியாலும் காற்றாலும் ஓடும் நீராலும் வேண்டும் ஆற்றலைப் பெற்று, மண்ணும் மூங்கிலும் கொண்டு சமைத்த சிறு வீட்டில், நிலத்துக்கு ஊறு செய்யாது வாழ்தல் வேண்டும் என்று எழுதுவோர் இன்று பலர். அவ்வாழ்வுக்குத் தமிழில் ‘தற்சார்பு’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று. அவர்தம் எழுத்தில் பாரியின் பறம்பு பெரும்பாலும் சான்றாக வந்து நிற்கும். சான்றாக எடுக்கப்படுவது புறநானூற்றின் 109-ஆம் பாட்டு.

அப்பாட்டு அவர் வேண்டும் சான்றைத் தருகின்றதா என்பதே ஈண்டு எழுப்பும் வினா. வினா நூலகத்துக்குள் அடங்குவதன்று. போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏறும் ஏலமலைச் சரிவுகளில் இன்றும் மின்கம்பி எட்டாத, அல்லது எட்டியும் நிலையாத, சிறுகுடிகள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் வாயில் சங்கப் பாட்டு ஒரு வாதமாகவே மாறிவிட்டது. ஆதலின் முதற்கண் பாட்டையும், பின்னர் அச்சரிவையும் நோக்குவோம்.

109-ஆம் பாட்டுக் கபிலர் பாடியது. மூவேந்தரும் பறம்பை முற்றியிருந்த காலத்து அவரை நோக்கிக் கூறியதாக அமைந்தது. உழவரால் உழப்படாத நான்கு விளைபொருள்கள் அம்மலைக்கு உள என்று கபிலர் எண்ணிக் காட்டுகின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. மலையை வானத்துக்கும், அதன் சுனைகளை வானத்து மீன்களுக்கும் ஒப்பிடுகின்றார். எத்துணை யானையும் தேரும் கொண்டு வரினும் படையால் இதனைக் கொள்ளுதல் இயலாது. பாடியும் ஆடியும் இரவலராய்ச் சென்றால் பாரி நாட்டையும் குன்றையும் ஒருங்கே ஈவான் என்று முடிக்கின்றார்.

இப்பாட்டின் திணை நொச்சி, துறை மகண்மறுத்தல். குறிஞ்சி வாழ்வைப் பாடும் செய்யுளாக இதனை எடுத்தாள்வார் இத்திணைக் குறிப்பைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. நொச்சியாவது அரண் காத்தல். அரண் காப்போன் புலவன், அரணின் உள்ளிருப்பைப் பகைவர்க்கு எடுத்துரைக்கும்போது எதனைச் சொல்வான்? உள்ளே உணவு உண்டு, நீர் உண்டு, நெடுநாள் முற்றியிருப்பினும் பயனில்லை என்றே சொல்வான். வள்ளுவரும் அரணுக்கு இலக்கணம் கூறுங்கால் (குறள் 745) பகைவரால் கொள்ளுதற்கு அருமையோடு, உள்ளே உணவுப் பொருள் நிறைந்திருத்தலையும் ஒரு கூறாக வைத்தார். கபிலர் பட்டியல் அவ்விலக்கணத்தைப் பறம்பின்மேல் ஏற்றிக் காட்டுவது. பகைவரை மருட்டும் கூற்றை ஆண்டுக் கணக்கேடாகப் படித்தல் பொருந்தாது.

பட்டியலின் முதற்பொருளே இதனைத் தெளிவாக்கும். மூங்கில் ஆண்டுதோறும் நெல் தருவதன்று. இனத்துக்கேற்பப் பல பத்தாண்டுகள் கழிந்து ஒருமுறை பூக்கும். ஒரு காடு முழுதும் ஏறத்தாழ ஒருங்கே பூத்து, நெல்லை உதிர்த்துப் பட்டுப்போகும். அவ்வாண்டில் மலைவாழ்நர் முறம் முறமாக வாரிக்கொள்வர். எலிகளும் அவ்வாறே பெருகும். மறு ஆண்டில் மூங்கிலும் இல்லை, நெல்லும் இல்லை. இதனைக் கபிலர் அறியாதவர் அல்லர்; குறிஞ்சி பாடுவதில் அவரினும் தேர்ந்தார் யாவர்? அறிந்தும் அதனை முதலில் வைத்தது, கேட்போர் சமநிலத்து வேந்தர் என்பதனாற் போலும். ‘நெல்’ என்னும் சொல் அவர் செவிக்குப் பொருளுடையது. பலா வேனிலில் சில திங்கள் பழுக்கும். தேனுக்கும் பருவம் உண்டு. நான்கனுள் ஆண்டு முழுதும் ஓரளவு கைகொடுப்பது கிழங்கொன்றே. அதுவும் அகழ்வாரின் தோள்வலியை வேண்டுவது. ‘உழாதது’ என்று கபிலர் கூறினாரேயன்றி ‘உழையாதது’ என்று கூறிற்றிலர்.

இனி அவரே பாடிய 120-ஆம் பாட்டை இதனோடு வைத்து நோக்குக. பாரி மாய்ந்த பின்னர்ப் பாடிய கையறுநிலைப் பாட்டு அது. வேங்கை நிற்கும் செம்மண் மேட்டுநிலத்தில் கார்மழையின் ஈரம் பட்டதும் பலமுறை உழுது, விதைத்து, பயிர் நெருங்கிய இடத்தில் பலகை செலுத்தி ஊடடித்து, களை பறித்து, வரகு முற்றி அரியப்பட்டு, தினை கொய்யப்பட்டு, எள் காய்த்து, அவரை கொய்யும் பதம் அடைந்து, நிலத்திற் புதைத்து முதிர்ந்த தேறல் குடிதொறும் வழங்கப்படும் ஓர் ஆண்டின் நடப்பு முழுமையும் அதில் உள்ளது. ஆங்கும் புல்வேய்ந்த குரம்பைகளே; ஆனால் அவற்றைச் சூழ்ந்து நிற்பது உழவு. 109-இல் உழாத பயன். 120-இல் பன்முறை உழுத நிலம். புலவர் ஒருவரே, மலையும் ஒன்றே. முற்றுகையின்போது பகைவர்க்கு உழைப்பை மறைத்தவர், நாடு கைவிட்டுப் போனபின் அவ்வுழைப்பை ஒவ்வொன்றாக நினைந்து இரங்குகின்றார். இவ்விரு பாட்டையும் இணைத்துப் படியாத திறனாய்வு பறம்பைப் பற்றி ஒன்றும் கூறியதாகாது என்பது எம் துணிபு.

மூன்றாவதாக ஒரு சான்று உண்டு. அது இன்னும் வியப்புடையது. பறம்பின் முற்றுகை பற்றிய செய்தி அகநானூற்றில் இரண்டு இடங்களில் வருகின்றது. நக்கீரர் பாடிய 78-ஆம் பாட்டு, கபிலரது சூழ்ச்சியால் தொலைவிலுள்ள வளவயலின் நெற்கதிர்கள் கொண்டுவரப்பட்டு, ஆம்பல் மலரோடு கூட்டி உண்ணப்பட்டு, ஆண்டுகள் பல கழிந்தன என்று கூறும். ஔவையார் பாடிய 303-ஆம் பாட்டு, பறம்பின் குருவிக் கூட்டம் காலையிற் சென்று செந்நெற்கதிர் கொண்டு மாலையில் மீளும் செய்தியை உவமையாக வைக்கும். இரண்டையும் இணைத்துப் பறவைகளைப் பழக்கி நெல் வருவித்தனர் என்று கொள்வது மரபு. இதன் மெய்ம்மை எவ்வாறாயினும் ஆகுக. சங்கப் புலவர் மரபுக்குள்ளேயே, முற்றப்பட்ட பறம்பு மூங்கில் நெல்லையும் கிழங்கையும் மட்டும் உண்டு நின்றதாக நினைக்கப்படவில்லை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. கீழ்நாட்டு வயலின் நெல் மேலே வரவேண்டியிருந்தது. வரும் வழியைப் படை அடைத்தபோது வானத்து வழி ஒன்றைப் புலவர் கண்டனர்.

‘பாட்டைப் பொருளியற் கணக்காக்குதல் தகுமோ? கவிதையின் உண்மை வேறன்றோ?’ என்று வினவுவார் உளர். வினா நேரியதே. ஆயின் கணக்காக முதலில் ஆக்கியவர் யாம் அல்லோம். பறம்பைத் தன்னிறைவின் வரலாற்றுச் சான்றாக எடுத்து நிறுத்துவார், கவிதையின் எல்லையைத் தாமே கடந்துவிட்டனர். அவர் கடந்து சென்ற இடத்துக்கு உடன்சென்று பார்ப்பது திறனாய்வாளன் கடமை.

குரம்பைக்கு வருவோம். சங்க இலக்கியம் குரம்பையை ஒரே நிறத்தில் தீட்டவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுகின்றது. உள்ளே ஈன்ற மகள் மான்தோற் படுக்கையில் குழவியோடு கிடக்க, மற்றை மகளிர் கடப்பாரை கொண்டு நிலத்தைக் கிளறி எறும்பு சேர்த்த புல்லரிசியை எடுக்கின்றனர். நிலத்திற் குழித்த உரலில் இட்டுக் குற்றுகின்றனர். வாய் உடைந்த பழம்பானை, முரிந்த அடுப்பு, தோண்டி எடுத்த உவர்நீர். நிலத்துக்கு இதனினும் குறைந்த ஊறு செய்யும் மனையை எண்ணிப் பார்த்தல் அரிது. எறும்பின் சேமிப்பைத் தவிர எதனையும் அது குறைக்கவில்லை. ஆயினும் உருத்திரங்கண்ணனார் அதனை மேற்கொள்ளத்தக்க வாழ்வாகக் காட்டினாரா? விருந்தோம்பலின் பொருட்டு அம்மக்களைப் போற்றினார். உடைந்த பானையை உடைந்த பானையாகவே காட்டினார்.

சிறுபாணாற்றுப்படையின் வறுமைக் காட்சி யாவரும் அறிந்தது. குட்டிகளை ஈன்ற நாய் கிடக்கும் அடுக்களையில், குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாவாறு கதவடைத்து உண்கின்றனர். வறுமையைக் காட்ட நத்தத்தனார் தேர்ந்துகொண்ட குறி உப்பின்மை என்பதை ஊன்றி நோக்குக. தானே முளைத்த கீரை, தானே பொறுக்கிய விறகு ஆகிய அனைத்தும் அம்மனையிலும் உண்டு. இல்லாதது வெளியிலிருந்து வரவேண்டிய ஒன்று.

உப்பு மலையில் விளையாது. உமணர் வண்டிகள் குன்றுகளின் இடைவழியே செல்வதைச் சங்கப் பாட்டுக்கள் மீண்டும் மீண்டும் கூறுவது காட்சி நலம் கருதி மட்டும் அன்று. பொருநராற்றுப்படை சோழநாட்டு வளம் கூறும் பகுதியில், தேனும் கிழங்கும் கொண்டுவந்தோர் மீன்நெய்யும் நறவும் மாற்றிச் செல்வதைக் காட்டும். மீன்நெய் நெய்தல் நிலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டமையை நற்றிணை 175-ஆம் பாட்டால் அறிகின்றோம். ஆகவே மலைச்சாரலின் ஒரோவொரு குடிலில் இரவில் எரிந்த ஒளி கடலிலிருந்து வந்திருக்கலாம் என்று எண்ணுதற்கும் இடமுண்டு. சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில் குன்றக்குறவர் செங்குட்டுவனுக்குக் கொணரும் மலைபடு பொருள்களின் நிரலில் ஏலமும் மிளகும் உள்ளன. மலை என்றும் அடைத்துக் கிடந்த நிலமன்று. சிறிது கொடுத்தது; சிறிது கொண்டது. சங்கக் குறிஞ்சியின் சிறப்பு ‘ஒன்றும் வேண்டாமை’யில் இல்லை, வெளியே நின்று வருவது இன்னது, இவ்வளவினது, இன்னார் கையினின்று வருவது என்னும் தெளிவில் உள்ளது.

ஆற்றல் என்று இக்காலத்தார் கூறுவதற்கு நேராக அம்மனையில் நின்றது தீ. இதுபற்றிச் சங்க இலக்கியம் தரும் ஓவியங்களுள் தலையாயது புறநானூற்று 315-ஆம் பாட்டில் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், வீட்டின் இறைவாரத்தில் செருகி வைத்த தீக்கடைகோலை உவமையாக்குகின்றார். வேண்டாதபோது அது இருக்குமிடம் தெரியாது. வேண்டும்போது பெருந்தீயாய் வெளிப்படும். உவமையின் சிறப்பைப் பலரும் பாராட்டினர். அது காட்டும் மனைச்செய்தியைப் பாராட்டினார் சிலரே. ஆற்றல் ஒரு கோலின் வடிவில் கூரைக்குள் அடங்கியிருக்கின்றது. அதனைச் செருகியவனே கடைவான். பழுதானால் அவனே வேறொன்று செதுக்குவான். பெரும்பாணாற்றுப்படையின் இடையன் அக்கோலால் எடுத்த தீக்கொண்டே குழலுக்குத் துளையிடுகின்றான். ஒரு கருவி அடுப்புக்கும் ஆகும், இசைக்கும் ஆகும். தற்சார்பு என்பதற்கு இலக்கியச் சான்று வேண்டுவோர் பறம்புக்குச் செல்லவேண்டுவதில்லை. இறைவாரத்தைப் பார்த்தல் போதும்.

தீ காவலுக்கும் வேண்டும். பகலில் கிளி, அதற்குக் குறிஞ்சிப்பாட்டின் மகளிர் பரண்மேல் இருந்து தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலிப்பர். இரவில் யானையும் பன்றியும். அவற்றுக்குக் கொள்ளியும் கவணும். மலைபடுகடாம் கூத்தர்க்கு வழி கூறுங்கால், புனங்காவலர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கிச் செல்லுமாறு அறிவுறுத்துகின்றது. அதே பாட்டு, மாலையில் புல்வேய்ந்த குரம்பைதோறும் மூங்கிலரிசிச் சோறும் அவரையும் புளிங்கூழும் கிடைக்கும் என்று ஆற்றுப்படுத்துகின்றது. விருந்தும் கவண்கல்லும் ஒரே மலையில் உள்ளன. தூங்காத கண் ஒன்று எப்போதும் அங்கே இருந்தது என்பதைப் பாட்டு மறைக்கவில்லை. நாம்தாம் விருந்தை எடுத்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டோம்.

இனிப் போடிநாயக்கனூர்ச் சரிவு. பறம்பைப் பிரான்மலை என்று கொள்வர். அது சிவகங்கை மாவட்டத்தது. போடி மலைக்கும் பாரிக்கும் தொடர்பு கூறுதல் எம் நோக்கமன்று. கிழங்கும் தேனும் மூங்கிலும் மெய்யாகவே உள்ளதும், குரம்பையும் புனமும் நேற்றுவரை மெய்யாகவே இருந்ததுமான ஒரு மலையை அருகிருந்து காண்பதற்கே அங்குச் செல்கின்றோம்.

வையையோடு கூடும் கொட்டகுடி ஆற்றின் தலைப்பகுதியில் குரங்கணி உள்ளது. அதற்கு மேலே சரிவுகளில் முதுவர் குடிகள். உச்சியில், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், டாப் ஸ்டேஷன். ஆங்கிலப் பெயர் வந்த காரணம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. கண்ணன் தேவன் மலைத் தேயிலை சிறு இருப்புப்பாதையில் அம்முகட்டுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத் தொட்டிகளில் இச்சரிவு வழியாக அடிவாரத்துக்கு இறங்கிப் போடி வழியே வெளியுலகுக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இருப்புப்பாதையை அழித்தது. முதுவர் குடில்களின் தலைக்கு மேலே உலக வணிகத்தின் சரக்கு கம்பியில் தொங்கிச் சென்ற காலம் உண்டு என்பதை, அச்சரிவைத் ‘தொன்மை மாறாத் தனிநிலம்’ என்று வருணிப்பார் நினைவில் வைத்தல் நன்று.

முதுவரையும், இதே மலைத்தொடர்களில் வாழும் பளியரையும் சங்கக் குறவரின் எச்சமாகக் கொண்டு எழுதும் வழக்கம் நம் துறையில் நெடுநாள் நிலவியது. அதனைக் கைவிடுதல் வேண்டும். முதுவர் தம் மரபே வேறு கூறுகின்றது: மதுரையை விட்டு, மக்களையும் தெய்வத்தையும் முதுகிற் சுமந்து மலையேறியவர் தாம் என்பதே அவர்கள் சொல்லிவரும் வரலாறு. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அவர் சமநிலத்திலிருந்து ஏறியவர் என்னும் செய்தி உள்ளது. பளியரிடையே 1960-களில் தங்கி ஆய்ந்த பீட்டர் கார்ட்னர், அவர்கள் காட்டில் கிழங்ககழ்ந்து வாழும் வாழ்வுக்கும் தோட்டக் கூலி வாழ்வுக்கும் இடையே சென்று சென்று மீள்வதையும், அவ்வூசலே அவர்களது நெடுங்கால வாழ்முறை என்பதையும் எடுத்துக்காட்டினார். காட்டு வாழ்வு முதல்நிலை, கூலி வாழ்வு அதன் சிதைவு என்னும் எளிய வரிசை இதனால் உடைகின்றது. 109-ஆம் பாட்டையும் 120-ஆம் பாட்டையும் ஒருங்கே பாடிய கபிலருக்கு இவ்வூசல் புதுமையாக இராது.

மண்ணும் மூங்கிலும் ஈற்றையும் புல்லும் கொண்ட முதுவர் வீட்டைப் புகழ்ந்துரைப்பது எளிது. வெயிலில் குளிர்ந்தும் பனியில் வெதுவெதுப்பாயும் இருக்கும். பழையதாயின் மண்ணோடு மண்ணாகும். ஆனால் புல்லைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றுதற்குப் புல்வெளியும், அப்புல்லை அறுக்கும் உரிமையும் வேண்டும். மேலும் அப்புல்லே கோடையில் எரிபொருள். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணிச் சரிவில் புல்லிற் பற்றிய தீ, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. இறைவாரத்துக் கடைகோல் போலத் தோன்றாதிருந்து தோன்றிய தீ அது. ‘நிலத்தோடு இயைந்த வீடு’ என்று எழுதும்போது அந்நிலத்தின் இத்தன்மையையும் எழுதுதல் வேண்டும்.

ஏலத்தையும் பார்ப்போம். மரநிழலின்றி ஏலம் வளராது. ஆதலின் காட்டைக் காக்கும் பயிர் என்பர். அது பாதி உண்மை. பச்சைக்காயைப் பறித்தவுடன் உலர்த்தவேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காய் ஆகும். எஞ்சிய நீரனைத்தையும் ஆவியாக்கும் சூட்டைப் பலகாலம் தந்தது ‘ஸ்டோர்’ என்று தோட்டத்தார் வழங்கும் உலர்த்தும் அறையின் விறகுத்தீயே. நிழல் தந்த காடே விறகும் தந்தது. இன்று எரிவாயுவும் டீசலும் சேர்ந்துகொண்டன. மழையும் முகிலும் மூடியிருக்கும் பறிப்புக் காலத்தில் கதிரொளியை மட்டும் நம்பி உலர்த்துதல் அரிது. பச்சை நிறம் கெடின் போடி வணிகர் விலையைக் குறைப்பர். நிறத்தின்மேல் நிற்கும் விலை, மலைமேல் எரியும் தீயின் அளவை வரையறுக்கின்றது. அத்தோட்டங்களில் வேலை செய்ய நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் அடிவாரத்திலிருந்து ஏறி மாலையில் இறங்குவோர் பலர். காலையிற் சென்று மாலையில் மீளும் அவர் போக்குவரவு ஔவையாரின் குருவிக் கூட்டத்தை நினைவூட்டும், திசைதான் மாறிவிட்டது.

ஆற்றலின் புதுவடிவங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய சூரியஒளிப் பசுமை வீடு திட்டம், 300 சதுர அடி வீட்டுக்குக் கதிரொளி விளக்குகள் ஐந்து என்று வகுத்தது. ‘பசுமை’ என்னும் அடைமொழி ஈண்டு நோக்கத்தக்கது. சுவர் செங்கல்லும் சிமிட்டியும், பசுமையாவது கூரைமேல் தகடு. பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. மழைக்கு ஒழுகாத கூரையும் இரவில் ஒரு விளக்கும் குரம்பையில் வாழ்ந்தார் கேட்டுப் பெறத்தக்கவையே. ஆனால் விளக்கு எங்கே நிற்கின்றது? தகடு இருபது ஆண்டுக்கு மேலும் உழைக்கும். மின்கலம் நான்கைந்து ஆண்டில் ஓயும். ஓய்ந்த ஈயக்கலத்தைச் சுமந்து இறங்கிப் புதிய ஒன்றைச் சுமந்து ஏறவேண்டும். கம்பி அறுந்தாலும் கருவி பழுதானாலும் சரிசெய்யும் கை கீழே நகரத்தில் இருக்கின்றது. தென்மேற்குப் பருவத்தில் முகடுகளை முகில் மூடும் திங்கள்களில் தகட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் குறைவு. கம்பியில்லா வீடு சார்பில்லா வீடு ஆகிவிடவில்லை. மின்கலம் அதற்கு உப்பாயிற்று. உமணன் வருவான் என்னும் உறுதி உள்ளவரை உப்பு ஒரு குறையன்று. வாரானாயின் நத்தத்தனார் காட்டிய அடுக்களைதான்.

அதே திங்கள்களில் மலையிடைவெளி வழியாகக் கீழே பாயும் மேல்காற்று, தேனி மாவட்டச் சமவெளியில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. நம் முன்னோர் அதற்குக் ‘கோடை’ என்று பெயரிட்டனர். அவ்வாலைகளின் மின்சாரம் பெருங்கம்பியில் ஏறி நெடுந்தொலைவு செல்கின்றது. காற்று பிறந்து வரும் சரிவில் இருட்டும், அது சென்று சேரும் நகரில் ஒளியும் ஆக இருப்பதைப் பொறியியலார் குறையென்னார். ஆற்றலை அளப்பதற்கு அவர்க்கு வேறு கோல் உண்டு. மனை வாழ்வைப் பாடிய இலக்கியத்தைக் கற்பார் அங்ஙனம் கடந்துபோதல் இயலாது.

இவையெல்லாம் திறனாய்வுக்கு எவ்வாறு உரியன என்று கேட்கலாம். உரியன, ஏனெனில் ‘மலையில் வாழ்வார் இயற்கையோடு இயைந்து நிறைவாக வாழ்கின்றனர்’ என்னும் தொடர், பாட்டு விளக்கத்தில் தொடங்கிப் பள்ளிப் பாடத்தில் ஊன்றி, இறுதியில் பாதையும் மருந்தும் மின்சாரமும் கேட்பார்க்கு விடையாகச் சொல்லப்படுகின்றது. நகரத்தை விட்டு மலைக்குச் செல்லும் ஒருவர் கம்பியை வேண்டாமென்று விலக்குகின்றார். தலைமுறை தலைமுறையாய் மலையில் இருப்பார்க்குக் கம்பி வந்ததே இல்லை. முன்னவர் துறந்தார், பின்னவர் பெற்றிலர். இருவர் வீட்டிலும் எரிவது ஒரே கதிரொளி விளக்காக இருக்கலாம். இருநிலையையும் ‘தற்சார்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது சொல்லாட்சிப் பிழை மட்டும் அன்று. பெரும்பாணாற்றுப்படையின் உடைந்த பானையையும் புறநானூற்றின் மூங்கில் நெல்லையும் ஒரே தட்டில் வைப்பதும் இதனை ஒத்ததே. சங்கப் புலவர் அவ்வாறு வைத்திலர். எயினர் குரம்பையை எயினர் குரம்பையாகவும், பகைவர்க்குக் கூறுவதைப் பகைவர்க்குக் கூறுவதாகவும், இழந்தபின் நினைவதை இழந்தபின் நினைவதாகவும் வேறுபடுத்தியே பாடினர்.

குறிஞ்சி மனையை ஆராயப் புகும் மாணவர் இனி முப்பொருளைத் தேடிச் செல்லலாம். குறிப்பிட்ட செய்யுளில் கூற்று யாருடையது, யாரை நோக்கியது என்பது ஒன்று. உழைப்பு பாட்டில் எவ்விடத்து வெளிப்படுகின்றது, எவ்விடத்து மறைகின்றது என்பது மற்றொன்று. வெளியிலிருந்து மனைக்குள் வரும் பொருள் யாது என்பது மூன்றாவது; உப்பு, மீன்நெய், இரும்பு, நெல் ஆகியவற்றைத் திணைவாரியாகத் தொகுத்தால் அதுவே ஒரு நூலாகும். இரும்பு பற்றி ஈண்டுக் கூற இடமில்லை. கிழங்ககழும் கோலின் நுனியும், தினையரியும் கருவியும், எயிற்றியர் கைக் கடப்பாரையும் எவ்வுலையில் அடிக்கப்பட்டவை என்று யாரேனும் விரிவாக ஆராய்தல் வேண்டும்.

அகநானூற்று 303-ஆம் பாட்டில் இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. தலைவன் வருவான் என்று நம்பியிருக்கும் நெஞ்சின் நிலைக்கு உவமையாகவே ஔவையார் பறம்பின் குருவிகளைக் கொணர்கின்றார். பாலைத் திணைச் செய்யுளில், பிரிந்தவர் வரவு நோக்கிய ஒருத்தியின் வாயில், முற்றுகையிட்ட மலையின் உணவுச் செய்தி வருகின்றது. காலையிற் போன பறவை மாலையில் வாராவிடின் மலை பசித்திருக்கும் என்பதை உணர்ந்தாலன்றி அவ்வுவமையின் ஆழம் விளங்காது. பறம்பு எதனையும் வேண்டாத மலையாயின், அக்குருவிகள் மீள்வதும் மீளாததும் அவளுக்கு யாதும் உணர்த்தா. அவை கொணர்ந்த கதிர் யாருடைய வயலில் விளைந்தது என்பதை ஔவையாரும் கூறவில்லை, நக்கீரரும் கூறவில்லை.